லேப்பில் 111, ஆலையில் ஒன்பதரை!



ஆர்கானிக் லேப்பில் ஆஸ்பிரின் தயாரித்தோம். எனக்கு வந்த விளைச்சல் 111 சதவீதம். பெரிய சாதனை என்று நினைத்து ரெக்கார்டு நோட்டை நீட்டினேன். "தம்பி, இல்லாத பொருளை எங்கேருந்துப்பா கொண்டு வந்தே?" என்றார் சார். லேப்பே சிரித்தது.

கணக்கு இதுதான். சாலிசிலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 138, ஆஸ்பிரினுக்கு 180. ஒரு மோலுக்கு ஒரு மோல். அசிட்டிக் அன்ஹைட்ரைடைத் தேவைக்கு மேலேயே ஊற்றுவதால், கணக்கைத் தீர்மானிப்பது சாலிசிலிக் அமிலம்தான். 2 கிராம் எடுத்தால் 2 × 180 ÷ 138 = 2.61 கிராம். இதற்கு மேல் கிடைக்க வழியே இல்லை. கிடைத்த எடையை இந்த எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் விளைச்சல் சதவீதம்.

என் தராசு காட்டியது 2.90 கிராம். அதிகப்படி எல்லாம் ஈரம்! மறுநாள் நன்றாகக் காயவைத்து நிறுத்தால் 2.01 கிராம், அதாவது 77 சதவீதம். மீதி? வினை முழுதாக நடக்காததில் கொஞ்சம், கழுவிய நீரில் கொஞ்சம், பீக்கர் சுவரில் கொஞ்சம்.

லீவில் ஊருக்குப் போனேன். எங்களுடையது கோமுகி அணைப் பாசனம். கல்வராயன் மலைத் தண்ணீரில் விளையும் கரும்பு. கதையைக் கேட்ட அப்பா, "ஏண்டா, உனக்கே 77 வருது. ஆலையில ரெகவரி ஒன்பதரைதான்னு சொல்றாங்க. மீதி தொண்ணூறு எங்கடா போச்சு?" என்றார்.

"நீங்க வகுக்கிற எண் வேறப்பா" என்றேன். ரெகவரி என்பது 100 கிலோ கரும்புக்கு எத்தனை கிலோ சர்க்கரை என்பது. கரும்பில் பெரும்பகுதி தண்ணீரும் சக்கையும்தான். உதாரணமாக, 100 கிலோவில் 12 கிலோ சுக்ரோஸ் இருந்து, மூட்டைக்கு 9.5 கிலோ வந்தால், இருந்ததில் எடுத்தது 79 சதவீதம். என் ஆஸ்பிரினைவிட இரண்டு கூடுதல்! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சர்க்கரையை உண்டாக்குவது கரும்பு, ஆலை பிரித்துத்தான் எடுக்கிறது.

அங்கேயும் ஒரு வினை உண்டு. வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்க, 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் தண்ணீரோடு சேர்ந்து குளுக்கோஸ் 180, பிரக்டோஸ் 180 கிராம் ஆகிவிடும். அப்படி உடைந்தது சர்க்கரைப் படிகமாக வராது. அமிலத்தில் இது வேகமாக நடக்கும். ஆலையில் சாற்றில் சுண்ணாம்புப் பால் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விளைச்சல் குறைய வேண்டும் என்று நாம் வேண்டிக்கொள்ளும் வினை இது!

டிராக்டர் கிடைக்காமல் எங்கள் கரும்பு மூன்று நாள் வயலில் கிடந்ததுண்டு. "எடைதான் குறையும்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீத ரெகவரிக்குக் குவிண்டால் 355 ரூபாய். ஒவ்வொரு 0.1-க்கும் 3.46 ரூபாய் ஏறும், இறங்கும். 9.5-க்கும் அதற்குக் கீழும் 329.05 ரூபாய். டன்னுக்கு 259 ரூபாய் 50 காசு வித்தியாசம்! ரெகவரி ஆலை முழுவதற்கும் சேர்த்துப் பார்ப்பது. ஒருவர் வயலில் காய்ந்த கரும்பு எல்லோரையும் பாதிக்கும்.

தோழர்களே, சதவீதம் என்று யார் சொன்னாலும், வகுத்த எண் எது என்று முதலில் கேளுங்கள். வைவாவில் சாரும் அதைத்தான் கேட்பார். என் அப்பா இப்போது டிராக்டருக்குச் சொல்லிவிட்டுத்தான் வெட்டாளையே கூப்பிடுகிறார்.

— மூன்றாமாண்டு, வேதிப் பொறியியல்