செங்காந்தள்: கும்பிடலாம், வளர்க்கலாம், வாயில் வைக்கக்கூடாது

 

போன கார்த்திகையில எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு: "முருகனுக்கு உகந்த செங்காந்தள் கிழங்கு, மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து, அரைச்சுச் சாப்பிடுங்க." அம்மாவுக்கு மூட்டுவலி. ஆத்தூர் பக்கம் மாமா தோட்டத்துல இந்தக் கொடிதான் பயிர். உடனே போன் போட்டு, "ரெண்டு கிழங்கு எடுத்து வைங்க மாமா"ன்னேன். அவர் பதறிட்டார். "மாப்ள, முதல்ல நேர்ல வா"ன்னார்.

ஞாயித்துக்கிழமை முத்துமலை முருகனைத் தரிசிச்சுட்டு நேரா தோட்டத்துக்குப் போனேன். அங்க கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

பூ எப்படி இருக்கும்?

ஆறு இதழ், ஓரமெல்லாம் நெளிநெளியா. பச்சையா விரிஞ்சு, மஞ்சளாகி, கடைசியில தீ மாதிரி சிவக்கும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியா மாறிக் கொடியைத் தூக்கிப் பிடிக்கும். இதுதான் தமிழ்நாட்டின் மாநில மலர். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடியிருப்பதும் வண்டு மொய்க்காத இந்தக் காந்தள் கண்ணிதான்.

தோட்டத்துல பார்த்தா அந்த வர்ணனை நினைவுக்கு வரும். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்குது. பூச்சியை மட்டும் நம்பினா காய் குறைவாத்தான் பிடிக்கும். அதனால தினமும் காலையில ஆட்கள் ஒவ்வொரு பூவா மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறாங்க.

எப்படி வளர்க்கிறாங்க?

தண்ணி தேங்காத செம்மண் வேணும். கலப்பை மாதிரி வளைஞ்ச 50–60 கிராம் கிழங்கை ஜூன், ஜூலையில நடுவாங்க. முளை நுனி ஒடிஞ்சா அந்தக் கிழங்கு வீண். கொடி ஏற முள்கிளுவை அல்லது கம்பிப் பந்தல். சுமார் 160–180 நாளில் காய் முற்றும். நிழல்ல உலர்த்தி விதை எடுத்து மருந்து கம்பெனிக்கு விற்பாங்க. சேலம், கரூர், திண்டுக்கல், திருப்பூர் பக்கம் பல குடும்பங்களுக்கு இதுதான் வருமானம்.

அப்போ ஃபார்வர்டு பொய்யா?

பாதி உண்மை. அதுதான் ஆபத்து. இந்தச் செடியில் இருக்கும் கோல்ச்சிசின், கவுட் எனும் மூட்டுவலிக்கு மருந்துதான். ஆனா மாத்திரையில் அது அரை மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். பச்சைக் கிழங்கில் எவ்வளவு இருக்குன்னு யாராலும் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே விஷம். இலங்கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்குன்னு நினைச்சு சாப்பிட்டு இறந்தவங்க இருக்காங்க. சில மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு, அடுத்து உள்ளுறுப்புகள் செயலிழக்கும். யாராவது தின்னுட்டா அறிகுறிக்குக் காத்திருக்காம 108-ஐ கூப்பிடுங்க.

வீட்டுல வளர்க்க ஆசைன்னா குழந்தை, ஆடு, மாடு எட்டாத இடத்துல வைங்க. கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்க. காட்டுல தோண்டாதீங்க, கிழங்கு போனா அந்தக் கொடியே போச்சு.

மாமா கடைசியா சொன்னது: "சாமிக்கு உகந்ததுன்னா கும்பிடணும் மாப்ள, எல்லாத்தையும் திங்கணும்னு இல்ல." அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த ஃபார்வர்டு உங்க குரூப்புக்கு வந்தா, பதிலுக்கு இதை அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!