சேணத்தை இறக்கிவிட்டுப் பார்

ஒஸ்லோ,
ஒக்டோபர் நடுப்பகுதி

அன்புள்ள ஆரணிக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியை ஆறுதலாக இருந்து வாசித்தேன். ஃபியோர்டு பெட்டைக்கு நீ ஃபோர்வெர்ட் ஆனது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுதி முடியாது. குதிரை இன்னொருவருடையது என்றாலும் கிழமையில் பாதி நாள் அதன் தீனியும் தேகமும் சவாரியும் உன் பொறுப்பு. சின்னப் பொறுப்பில்லை, பிள்ளை.

வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறாள், ஏறி இருந்தால் முன்னே போக மாட்டேன் என்கிறாள், வாலைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். லாயத்தில் எல்லோரும் அவளுக்குத் திமிர், கையை இறுக்கிப் பிடி என்கிறார்களாம். நீ பிறந்தநாள் காசில் தடித்த மெத்தை ஒன்று வாங்கிச் சேணத்துக்குக் கீழே போட்டாய், அதற்குப் பிறகு இன்னும் மோசம். குதிரை ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், திமிர் என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வை. "பழக்கம் கெட்டது" என்று சொல்லி எங்களிடம் கொண்டுவரும் குதிரைகளில் எத்தனையோ, நோவு தீர்ந்ததும் பழக்கமும் தீர்ந்து வீட்டுக்குப் போயிருக்கின்றன.

தடித்த மெத்தையை இன்றைக்கே எடுத்துவிடு. சப்பாத்து இறுக்கம் என்றால் தடித்த மேஸ் போட்டு அதைச் சரிக்கட்ட முடியுமா? சேணத்துக்குள்ளே இருக்கும் சட்டம் ஒடுக்கமாக இருந்தால், கீழே போடும் ஒவ்வொரு மடிப்பும் அதை இன்னும் ஒடுக்கமாக்கும்.

ஃபியோர்டு குதிரையின் உடம்பு இதில் ஒரு தனிச் சிக்கல். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு அவற்றுக்குத் தாழ்வு, முதுகு அகலம், விலா பீப்பாய் போல உருண்டை. உயரமான மேடும் ஒடுங்கிய முதுகும் கொண்ட குதிரைக்குச் செய்த சேணம் அதன் மேல் பொருந்தாது. முன்னே வழுக்கும், அல்லது இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கும். ஆனால் கடவுள் அவற்றுக்கு ஒரு வசதியும் கொடுத்திருக்கிறார். நெற்றி மயிரிலிருந்து வால் வரை ஓடும் அந்தக் கறுப்புக் கோடு, முதுகெலும்பு எங்கே போகிறது என்று வரைந்தே காட்டிவிடுகிறது. சேணத்தின் நடு வாய்க்கால் அந்தக் கோட்டுக்கு இரண்டு புறமும் தாராளமாக இடம் விட்டு நிற்க வேண்டும், முன்னாலிருந்து பின்னால் வரை மூன்று நான்கு விரல் அகலம். எந்த இடத்திலும் கோட்டின் மேல் எடை இறங்கக் கூடாது.

நாளைக்குப் போனதும் மெத்தையோ துணியோ இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வை. கொஞ்சம் முன்னே வைத்துப் பின்னுக்குத் தள்ளு, தானாக ஓரிடத்தில் நிற்கும். தோள்பட்டை எலும்பின் பின் விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடி. குதிரை முன்காலை நீட்டும்போது அந்த எலும்பின் மேல் பக்கம் பின்னுக்கு வரும், ஆகவே சட்டத்தின் நுனி அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பின் பக்கம் கடைசி விலாவைத் தொட்டு, அந்த விலா முதுகைச் சேரும் இடம் வரை விரலால் போ. சேணத்தின் எடை அதைத் தாண்டினால் நாரியில் ஏறும், அந்த இடத்துக்குத் தாங்க விலா இல்லை. பிறகு உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துச் சேணத்தின் கீழே முன்னாலிருந்து பின்னால் வரை மெதுவாக நகர்த்து. அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். முன்னேயும் பின்னேயும் இறுகி நடுவில் கை சும்மா போய் வந்தால், உன் முழுப் பாரமும் நாலு மூலையில் நிற்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் யாரையாவது ஏற்றி இருத்திவிட்டு இன்னொரு முறை பார். வெறும் சேணம் சொல்லாததை ஆள் ஏறிய சேணம் சொல்லும்.

சவாரி முடிந்து இறக்கியதும் வேர்வையை வடிவாகக் கவனி. சுற்றிவர நனைந்திருக்க, நடுவில் ஒரு கை அகலம் காய்ந்திருந்தால் அங்கே ஒன்றில் அழுத்தம் மிஞ்சியிருக்கிறது, அல்லது சேணம் படவேயில்லை. எது என்று உன் உள்ளங்கை ஏற்கெனவே சொல்லியிருக்கும். மயிர் குழம்பிச் சுழித்திருந்தால் சேணம் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது. வெள்ளை மயிர் முளைத்திருக்கிறதா என்றும் தேடு. அழுத்தத்தில் மயிர்க்காலின் நிறம் கொடுக்கும் அணுக்கள் கெட்டுப்போனால் அடுத்து வரும் மயிர் வெள்ளையாக வரும். அது பழைய காயத்தின் அடையாளம், முந்திய சேணத்தினுடையதாகவும் இருக்கலாம். கறுப்புக் குதிரையில் தூரத்திலேயே தெரியும். உன் பெட்டையின் மணல் நிறத்தில், அதுவும் குளிர்கால மயிர் அடர்த்தியாக வரும் இந்த மாதத்தில், மயிரை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். மேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சதை குழி விழுந்திருக்கிறதா என்பதையும் கண்ணை நம்பாமல் கையால் பார்.

விரல் நுனிகளை ஒன்றாக வைத்து, கறுப்புக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, மேட்டிலிருந்து நாரி வரை ஒரே அளவான அழுத்தத்தில் இழுத்துக்கொண்டு போ. தோல் சும்மா துடிப்பது ஈ உட்கார்ந்தாலும் நடக்கும். முதுகைத் தாழ்த்தி விலகினால், தலையைத் தூக்கினால், கண்ணைச் சுருக்கினால் நிறுத்து. சவாரிக்கு முன்னும் பின்னும் இதைச் செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்.

சூ டைசன் என்ற பிரித்தானியக் கால்நடை மருத்துவர் 2018இல் தன் குழுவோடு சேர்ந்து, சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். காதை நெடுநேரம் பின்னுக்கு வைத்திருப்பது, வாலை ஓயாமல் வீசுவது, வாயைத் திறந்துகொண்டே போவது எல்லாம் அதில் உண்டு. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் உடம்பில் நோவு இருக்க வாய்ப்பு அதிகம். நீ திமிர் என்று கேட்டு வந்ததில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நம்முடைய ஊரிலேயே, அதாவது இந்த நோர்வேயிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவ நிறுவனத்தின் செசிலி மைடெல்லும் சகாக்களும் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைக் குறிகளைப் பழக்கினார்கள். ஒன்று போர்வை போடு, ஒன்று போர்வையை எடு, மற்றது இருந்தபடி இருக்கட்டும். இரண்டு கிழமைக்குள் எல்லாக் குதிரைகளும் படித்துவிட்டன. மழையும் குளிருமான நாளில் மூக்கால் தொட்டுப் போர்வை கேட்டன, வெயில் நாளில் எடுக்கச் சொல்லின. 2016இல் அந்த ஆய்வு வெளியானது. பலகை கொடுத்தால் இவ்வளவு தெளிவாகக் கேட்கிற உயிருக்கு, சேணத்தைப் பற்றிச் சொல்லக் காதும் வாலும் பல்லும்தான் இருக்கின்றன. நான் பிறந்த நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வம்சம் இன்றும் கட்டுக்காவல் இல்லாமல் வெளியில் மேய்கிறது. அவற்றுக்குப் பட்டி இறுக்க ஆளில்லை. உன் பெட்டையின் பட்டியை உன் கைதான் இறுக்குகிறது.

எல்லாமே சேணத்தால்தான் என்று முடிவு கட்டிவிடாதே. பட்டி இறுக்கும்போது கடிப்பது இரைப்பைப் புண்ணாலும் இருக்கலாம். சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால் பின்காலில் மறைந்த நொண்டல் இருக்கலாம், டைசனும் லீனே கிரேவும் அதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே முதலில் மருத்துவர், அதற்குப் பிறகு சேணம் பொருத்துபவர். இரண்டும் ஒரே கிழமையில் நடந்தால் நல்லது.

இன்னொரு விசயம், கோடைப் புல்வெளி. ஜூனில் வெளியே விட்ட ஃபியோர்டு குதிரை செப்டம்பரில் வேறு உருவத்தோடு திரும்பி வரும். பிறகு குளிர்காலத்தில் வேலை கூடிக் குறைய மறுபடி மாறும். சேணத்தின் அடிப்பக்கத்தில் அடைத்திருக்கும் கம்பளியும் பாவிக்கப் பாவிக்கப் படிந்து கட்டியாகும். வசந்தத்திலும் இலையுதிரிலும் ஒவ்வொரு தடவை சேணத்தைப் பார்க்கத்தான் வேண்டும். சென்ற வருடம் காசு கொடுத்துப் பார்த்தோமே என்று குதிரையின் சொந்தக்காரி சொன்னால், அது சென்ற வருடத்து முதுகு.

சொந்தக்காரியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் உனக்குப் பயம், எனக்குத் தெரியும். மூத்தவருக்கு எதிர்க்கதை கதைக்கக் கூடாது என்று உன்னை வளர்த்திருக்கிறோம். இங்கே அந்தப் பழக்கத்தால் குதிரை கிடந்து துன்பப்படும். 2009இல் இந்த நாட்டில் நிறைவேறிய விலங்கு நலச் சட்டத்தின் மூன்றாம் பிரிவே, மனிதருக்குப் பயன்படுவதைத் தாண்டி விலங்குக்குத் தனி மதிப்பு உண்டு என்கிறது. நீ சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்கத் தேவையில்லை. "உங்கள் சேணம் பிழை" என்று தொடங்காதே. கண்டதை மட்டும் சொல்: "இந்த இடத்தில் அழுத்தினால் விலகுகிறாள், இந்த இடத்தில் வேர்வை இல்லை, படம் எடுத்திருக்கிறேன், ஒருக்கால் வந்து பாருங்கோ." படத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, நாலு காலும் நேராக நிற்கும்போது எடு. பொருத்துபவருக்கான செலவில் பாதி உன்னால் முடியாவிட்டால் எனக்குச் சொல், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் ஏறாதே. கையில் பிடித்து நடத்திக்கொண்டு போ, காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் உனக்கும் நல்லது அவளுக்கும் நல்லது. மருத்துவர் வரும் நாளில் சேணம், பட்டி, மெத்தை எல்லாவற்றையும் லாய வாசலில் எடுத்து வை. அவர் கேட்க மறந்தாலும் நீ காட்டு. என்ன சொன்னார் என்று அன்று இரவே எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா