பீட்டர்ஸ்பர்க் சுரங்கம்: வேலை ஜெயித்தது, காரியம் கெட்டது



மலர்க்குழுவில் கட்டுரை கேட்டதும் எதைப்பற்றி எழுதுவது என்று ரெண்டு நாள் யோசித்தேன். கவிதை எழுத எனக்கு வராது. அதற்கு நம்ம டிபார்ட்மென்டிலேயே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். அதனால் நமக்குத் தெரிந்த மண், சர்வே, காற்றோட்டம், வெடிமருந்து எல்லாம் வருகிற ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். நடந்த இடம் அமெரிக்கா. நாள் 1864 ஜூலை 30. சரித்திரப் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'கிரேட்டர் சண்டை'. கிரேட்டர் என்றால் பெரும்பள்ளம்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1861-லிருந்து 1865 வரை அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர். அடிப்படைக் காரணம் அடிமை முறை. தெற்கத்தியவர்களின் தலைநகரம் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட். அதற்குத் தெற்கே சுமார் 37 கிலோமீட்டரில் பீட்டர்ஸ்பர்க். பல ரயில் பாதைகள் வந்து சேருகிற ஊர். ரிச்மண்டுக்குச் சாப்பாடும் சாமானும் போவது இந்த வழியாகத்தான். பீட்டர்ஸ்பர்க் விழுந்தால் ரிச்மண்ட் தன்னால் விழும் என்பது வடக்குத் தளபதி கிராண்டின் கணக்கு. 1864 ஜூன் நடுவில் நேராகத் தாக்கிப் பார்த்தார், முடியவில்லை. தெற்குத் தளபதி லீ தன் படையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அப்புறம் இரண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டார்கள். முற்றுகை ஒன்பதரை மாதம் நீடித்தது.

ஓரிடத்தில் இரண்டு தரப்பு குழிகளுக்கும் நடுவே இருந்த தூரம் சுமார் 400 அடிதான். எதிரே மேட்டில் தெற்கத்தியவர்களின் பீரங்கி மேடை. இந்தப் பக்கம் பென்சில்வேனியாவின் 48-வது ரெஜிமெண்ட். அதில் நிறைய பேர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். அவர்களுடைய அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளெசன்ட்ஸ், தொழிலில் சுரங்க இன்ஜினியர். ரயில்வே குகைப்பாதை வேலையிலும் அனுபவம் உள்ளவர். அந்த மேடைக்கு அடியில் சுரங்கம் வெட்டி வெடி வைத்துத் தூக்கிவிடலாம் என்ற பேச்சு சிப்பாய்கள் மத்தியில் கிளம்பியது. பிளெசன்ட்ஸ் அதைத் திட்டமாக்கி மேலே அனுப்பினார். படைப்பிரிவுத் தளபதி பர்ன்சைட் சரி என்றார். ஜூன் 25-ந் தேதி வேலை ஆரம்பம்.

இனிதான் நமக்கு வேண்டிய விஷயம். ராணுவத்தின் தலைமை இன்ஜினியர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ராணுவச் சுரங்கம் 400 அடிக்கு மேல் போகவே முடியாது, உள்ளே இருப்பவன் மூச்சு முட்டிச் செத்துப்போவான் என்பது அவர்கள் படித்த பாடம். 'இவனுங்க என்ன பண்ணிடப் போறானுங்க' என்கிற அலட்சியம். சைட்டில் டிப்ளமோக்காரன் ஏதாவது சொன்னால் சில பேர் முகத்தில் வருமே, அதே சிரிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிரித்ததோடு விடவில்லை, சாமானும் கொடுக்கவில்லை. மண் வெட்ட சுரங்கப் பிக்காசு இல்லை. ராணுவப் பிக்காசைக் கொல்லரிடம் கொடுத்து வேண்டிய மாதிரி அடித்து வாங்கிக்கொண்டார்கள். மண் அள்ளத் தள்ளுவண்டி இல்லை. பிஸ்கட் வந்த மரப்பெட்டிக்குக் கம்பு வைத்து அடித்துக் கைத்தூக்கு செய்தார்கள். முட்டுக்கொடுக்க மரம் இல்லை. ஒரு பழைய பாலத்தைப் பிரித்தார்கள். அதுவும் தீர்ந்ததும் ஒரு மர அறுவை மில்லைத் தேடிப்பிடித்து அங்கே அறுத்துக்கொண்டு வந்தார்கள். வெளியே கொட்டின புது மண்ணை எதிரி பார்த்துவிடக் கூடாதே என்று புதர்களை வெட்டி மூடினார்கள்.

தூரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க தியோடலைட் கேட்டார் பிளெசன்ட்ஸ். முகாமில் நல்ல கருவி இருந்தும் கொடுக்கவில்லை. பர்ன்சைட் வாஷிங்டனிலிருந்து ஒரு பழைய தியோடலைட்டை வரவழைத்துக் கொடுத்தார். முன்வரிசைக்குப் போய், தலையில் சாக்குத்துணியைப் போர்த்திக்கொண்டு, எதிரியின் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே கோணம் அளந்தார் மனுஷன். எதிரி மேடையில் போய் ரேஞ்சிங் ராடு ஊன்ற முடியாதில்லையா? இந்தப் பக்கமே ஒரு அடிக்கோடு எடுத்து, இரண்டு முனையிலிருந்தும் கோணம் பார்த்து, முக்கோணக் கணக்கில் தூரம் கண்டுபிடிக்க வேண்டியதுதான். 'போக முடியாத புள்ளிக்குத் தூரம்' என்று நாம் பிராக்டிகலில் போடுகிறோமே, அதே கணக்கு. நாம் தப்புப் போட்டால் ரெக்கார்டைத் திருப்பி எழுதலாம். அவர் தப்புப் போட்டால் வெடி வேறெங்கோ வெடிக்கும்.

காற்றுக்கு அவர் செய்த ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தங்கள் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் சுரங்கத்திலிருந்து மேல்நோக்கி ஒரு புகைபோக்கி வெட்டினார். அதன் அடியில் எப்போதும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். நெருப்புக்கும் சுரங்க வாசலுக்கும் நடுவில் காற்றுப் புகாத தடுப்புக் கதவு. வாசலுக்கு வெளியிலிருந்து கதவுக்கு அடியில் நுழைந்து, தரையோடு தரையாகக் கடைசி வெட்டுமுகம் வரை ஒரு மரக்குழாய். நெருப்பில் காற்று சூடாகி மேலே போகும். அதற்கு ஈடாக உள்ளே இருக்கிற கெட்ட காற்று நெருப்பை நோக்கி இழுபடும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து நல்ல காற்று மரக்குழாய் வழியாகக் கடைசி முனைக்கே போய் இறங்கும். ஃபேன் இல்லை, பம்பு இல்லை, மோட்டார் இல்லை. சுரங்கம் நீள நீளக் குழாயை மட்டும் நீட்டினால் போதும். நிலக்கரிச் சுரங்கத்தில் ஏற்கெனவே தெரிந்த முறைதான் இது. ராணுவ இன்ஜினியர்களுக்குத்தான் தோன்றவில்லை.

வழியில் மார்ல் என்கிற கெட்டியான சுண்ணாம்புக் களிமண் அடுக்கு குறுக்கே வந்தது. பிக்காசுக்கு வழிவிடவில்லை. அதை உடைத்துக்கொண்டே போகாமல் சுரங்கத்தை மேல்நோக்கி ஏற்றி அந்த அடுக்கைத் தாண்டினார்கள். அந்தக் களிமண் காற்றுப் பட்டால் இறுகிவிடும். சிப்பாய்கள் அதில் புகைக்குழாய் செய்து வைத்துக்கொண்டார்களாம். வேலை நடக்கிற இடத்தில் எப்பவும் இப்படி ரெண்டு கைக்காரர்கள் இருப்பார்கள்.

ஜூலை 17-ல் 511 அடி முடிந்தது. 23 நாளில் 511 அடி என்றால் சராசரி நாளுக்கு 22 அடி. உயரம் 5 அடி, அகலம் கீழே நாலரை, மேலே 2 அடி. சரிவகக் கணக்குப்படி குறுக்குப் பரப்பு 16.25 சதுர அடி, முக்கியச் சுரங்கம் மட்டும் சுமார் 8,300 கன அடி. வெட்டின மண் உப்பும் என்பது உங்களுக்கே தெரியும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் கைத்தூக்கில் குனிந்தபடியே வெளியே வந்த மண். அப்புறம் முனையில் இடதுபக்கமும் வலதுபக்கமும் கிளைச் சுரங்கம். தெற்கத்தியவர்களுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அவர்களும் எதிர்ச்சுரங்கம் தோண்டிப் பார்த்தார்கள், ஆனால் சரியான இடத்தில் வந்து முட்டவில்லை.

பிளெசன்ட்ஸ் கேட்டது 12,000 பவுண்டு மருந்து. கிடைத்தது 8,000 பவுண்டு, அதாவது 25 பவுண்டு பீப்பாய் 320. நம்ம கணக்கில் சுமார் 3,600 கிலோ. எட்டு அறைகளில் பிரித்து வைத்து, வெடியின் வேகம் சுரங்கம் வழியாகத் திரும்பி வந்துவிடாமல் 34 அடிக்கு மண் அடைத்துக் கெட்டித்தார்கள். நீளமான ஒரே திரி கேட்டார். வந்ததோ சாதாரணத் திரி, அதுவும் துண்டு துண்டாக. முடிச்சுப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜூலை 30 விடியற்காலை மூன்றேகாலுக்குத் திரி பற்றவைத்தார்கள். மூன்றரைக்கு வெடிக்க வேண்டும். வெடிக்கவில்லை. நாலு மணி ஆயிற்று. வெடிக்கவில்லை. மேலே ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இருட்டில் காத்திருக்கிறார்கள். விடிந்துவிட்டால் எல்லாம் போச்சு. நாலேகால் வாக்கில் சார்ஜென்ட் ஹாரி ரீஸ் உள்ளே போனார். அவரோடு லெப்டினன்ட் ஜேக்கப் டவுட்டியும் போனார். ஒட்டுப்போட்ட முடிச்சில் திரி அணைந்து கிடந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம். எங்க பெரியப்பா கிணறு வெட்டுகிறவர். பாறை வந்தால் வேட்டு வைக்கிற வேலையும் அவருடையதுதான். அவருடைய இடது கையில் ரெண்டு விரல் இல்லை. ஒரு தடவை திரி பற்றவைத்து வேட்டுப் போடவில்லை. நேரமாகிறது, சாயங்காலத்துக்குள் கல் அள்ளியாக வேண்டும் என்று மேலே நின்ற ஆள் அவசரப்படுத்த, நமத்துப்போச்சு என்று நினைத்துக் கீழே இறங்கியிருக்கிறார். மிச்சத்தை அவர் சொல்லவே மாட்டார். நான் இந்தச் சுரங்கக் கதையை அவரிடம் சொன்னபோது, யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை. "அந்த ரெண்டு பேரும் வெளியே வந்தாங்களாடா?" என்றுதான் கேட்டார். "வந்துட்டாங்க பெரியப்பா" என்றேன்.

வந்துவிட்டார்கள். திரியைச் சீர்படுத்தித் திரும்பப் பற்றவைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். 4 மணி 44 நிமிஷத்துக்கு மேடையோடு பூமி மேலே போனது. பீரங்கி, மண், மனிதர்கள் எல்லாம் சேர்ந்து. தெற்கத்தியவர்கள் சுமார் 278 பேர், பாதிப்பேர் தூக்கத்திலேயே என்று சொல்லலாம், அந்த வெடியிலேயே முடிந்தார்கள். சுமார் 170 அடி நீளத்தில் 30 அடி ஆழப் பள்ளம். சிரித்த இன்ஜினியர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல டெக்னிக்கல் கட்டுரை. ஆனால் நிறுத்தினால் அது பொய்க் கட்டுரை.

வெடிக்குப் பிறகு முன்னேறிப் போவதற்கு பர்ன்சைட் தேர்ந்தெடுத்திருந்தது ஃபெரெரோ என்பவரின் கீழ் இருந்த கறுப்பினச் சிப்பாய்களின் படைப்பிரிவு. பள்ளத்துக்குள் இறங்காமல் இரண்டு பக்கமும் சுற்றிப்போக அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தாக்குதலுக்கு முந்தின நாள் மேலதிகாரி மீட் அதைத் தடுத்தார், கிராண்டும் ஒப்புக்கொண்டார். திட்டம் தோற்றால், கறுப்பர்கள்தானே என்று சாகவிட்டதாகப் பேச்சு வரும் என்பது காரணம். மீதி மூன்று பிரிவில் யார் போவது? பர்ன்சைட் சீட்டுக் குலுக்கிப் போட்டார்! ஒரு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு, 3,600 கிலோ மருந்து, கடைசியில் சீட்டு. விழுந்த பெயர் லெட்லி. அந்த ஆள் தன் சிப்பாய்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சரியாகச் சொல்லவும் இல்லை, கூடப் போகவும் இல்லை. பின்னால் ஒரு பதுங்கு அறையில் ரம் குடித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது.

தங்கள் குழியிலிருந்து ஏறிப்போக ஏணிகூட வைக்கவில்லை. எப்படியோ ஏறிப் போன சிப்பாய்கள் பள்ளத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். பிறகு அதற்குள்ளேயே இறங்கினார்கள். பக்கவாட்டு மண் செங்குத்தாக, உதிரியாக இருக்கும். இறங்கலாம், ஏற முடியாது. பின்னால் வந்தவர்களும் வந்து நெருக்க, கால் வைக்க இடம் இல்லாமல் போனது. காலியாகக் கிடந்த மேட்டைப் பிடிக்க யாரும் போகவில்லை.

எதிர்த்தாக்குதல் நடத்தியவர் தெற்கத்திய தளபதி வில்லியம் மஹோன். அவரும் ஒரு ரயில்வே இன்ஜினியர்தான். போருக்கு முன்னால் நார்ஃபோக்கிலிருந்து இதே பீட்டர்ஸ்பர்க்குக்கு, சதுப்பு நிலத்தில் மரத்தடிகளைப் பரப்பி அதன்மேல் ரயில் பாதை போட்டவர். அவருடைய ஆட்கள் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே சுட்டார்கள்.

கறுப்பினப் படைப்பிரிவைக் கடைசியில், எல்லாம் கெட்டுப்போன பிறகு அனுப்பினார்கள். இருந்தும் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறிப் போனார்கள். மஹோனின் ஆட்கள் வந்ததும் சரணடைந்த கறுப்பர்களைக்கூடச் சுட்டும் குத்தியும் கொன்றார்கள். இது வதந்தி இல்லை. கொன்றவர்கள் தரப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஒரு பிரிவில் மட்டும் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று 1,300-க்கு மேல். வடக்குத் தரப்பில் மொத்தம் 3,798. தெற்கில் சுமார் 1,500. இறந்தவர்களைப் புதைக்க ஆகஸ்ட் 1-ந் தேதிதான் சண்டையை நிறுத்தினார்கள். அதுவரை ஜூலை வெயிலில் அப்படியே கிடந்தார்கள்.

நம்ம பசங்ககிட்ட இதைச் சொன்னால், 'இன்ஜினியர் தன் வேலையைச் சரியா பண்ணிட்டார், தப்பு ராணுவத்து மேல' என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிளெசன்ட்ஸ் கேட்டது எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் 511 அடிக்கு அங்குலம் அங்குலமாக யோசித்த படையில், 512-வது அடியில் யார் எங்கே கால் வைப்பது என்று ஒருத்தர்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லையே? பயிற்சி எடுத்தவர்களை நிறுத்திவிட்டுச் சீட்டுக் குலுக்கியபோது, அந்தக் கூடாரத்தில் 'இது வேண்டாங்க' என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதே? கறுப்பர்களைச் சாகவிட்டதாகப் பேர் வரக்கூடாது என்று எடுத்த முடிவில்தான் அத்தனை கறுப்பர்களும் செத்தார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இந்த இடம் ஜீரணமாகவில்லை.

பர்ன்சைட் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு பார்லிமென்ட் குழு மாதிரி அவர்கள் நாட்டில் ஒரு குழு விசாரித்து, மீட் மேலும் தப்பு உண்டு என்றது. லெட்லி 1865 ஜனவரியில் ராஜினாமா செய்தார். முற்றுகை அதன்பின் எட்டு மாதம் ஓடியது. 1865 ஏப்ரல் முதல் வாரத்தில் பீட்டர்ஸ்பர்க் விழுந்தது, ஏப்ரல் 9-ல் லீ சரணடைந்தார். பிளெசன்ட்ஸுக்குக் கௌரவ ஜெனரல் பட்டம் கொடுத்தார்கள். அவர் நிலக்கரிச் சுரங்க வேலைக்கே திரும்பிப்போய் 1880-ல் காலமானார். அந்த இடம் இப்போது தேசியப் பூங்கா. பள்ளம் புல் முளைத்துக் கிடக்கிறது. சுரங்க வாசலை மட்டும் திரும்பக் கட்டிவைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள்.