பேராக்கில் தொழிற்கல்விக்கு இரு படிகள்

எஸ்.பி.எம். தேர்வில் உயர்ந்த தேர்ச்சி கிட்டாவிடில் படிப்பு முடிந்துவிட்டதெனத் தோட்டப்புற இளைஞர் பலர் எண்ணிவிடுகின்றனர். கைக்குக் கிடைத்த கூலி வேலையில் அமர்ந்துவிடுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது என்பதற்குப் பேராக் மாநிலக் கல்லூரிகளே சான்றாகும்.

1969-ஆம் ஆண்டில் ஈப்போவில் தொடங்கப்பட்ட உங்கு ஒமார் பாலிடெக்னிக், நாட்டின் முதல் பாலிடெக்னிக் ஆகும். கட்டுமானம், மின்சாரம், இயந்திரம், வணிகம் ஆகிய துறைகளில் அங்கு டிப்ளோமா பெறலாம். ஆனால், எஸ்.பி.எம். தேர்வில் குறிப்பிட்ட சில கிரெடிட்டுகள் தேவை.

அவை இல்லாதவர்க்கு வழி அடைபட்டுவிட்டதா? இல்லை. 2001-ஆம் ஆண்டு முதல் நாட்டில் சமூகக் கல்லூரிகள் தோன்றின. தெலுக் இந்தான், சுங்கை சிப்புட் ஆகிய ஊர்களிலும் அவை உள்ளன. குறைந்த தகுதியுடையோரும் அங்குச் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம். பட்டறைப் பயிற்சியுடன், தொழில் நிறுவனங்களில் நேரடிப் பயிற்சியும் உண்டு. அதனை நன்கு முடித்தவர் பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். முதற்படியில் ஏற இயலாதவர், கீழ்ப்படியில் கால் வைத்து மேலேறுவதற்கே இவ்வேற்பாடு.

வேலை செய்யும் பெரியோரையும் இக்கல்லூரிகள் மறக்கவில்லை. தையல், ரொட்டி தயாரித்தல், கணினி முதலியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. இல்லத்தரசியரும் இவற்றால் பயன் பெறலாம்.

ஆகவே, பெற்றோர் தேர்வு முடிவைக் கண்டு மனந்தளர வேண்டாம். யூ.பி.யூ. வழி விண்ணப்பிக்கும் இறுதி நாளைப் பள்ளியில் கேட்டறிந்து, பிள்ளைகளை உரிய காலத்தில் விண்ணப்பிக்கச் செய்வோம். தவறிய தேதிக்கு ஓராண்டு காத்திருக்க நேரிடலாம். அவ்வோராண்டில் பல பிள்ளைகள் படிப்பையே மறந்துவிடுகின்றனர்.