போர்த்துக்கீசியத் தாவரப் பெயர்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும்

முன்னுரை

சொல்லுக்குச் சொல் வைப்பதே மொழிபெயர்ப்பு என்னும் எண்ணம் பயில்வோரிடையே பரவலாக உண்டு. இலக்கியத்தில் இதன் குறை எளிதில் புலப்படும். அறிவியலிலோ ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் வரையறை இருப்பதால் இடர்ப்பாடு இல்லை எனக் கருதுவாரும் உளர். அக்கருத்து முழுமையாகப் பொருந்தாது என்பதைப் போர்த்துக்கல் நாட்டுத் தாவரப் பெயர்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணி நன்கு காட்டுகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் சொல்லும்

போர்த்துக்கல்லின் கடற்கரை அட்லாண்டிக் பெருங்கடலைச் சார்ந்தது. எனினும் அந்நாட்டின் தென்பகுதியில் கோடை வறண்டும் குளிர்காலம் மழையுடனும் அமைவதால், அங்கு வளர்வன மத்தியதரைக் கடற்பகுதிக்குரிய தாவரங்களே. இலையுதிரா ஓக் மரங்கள், தடித்த சிற்றிலைப் புதர்கள், நறுமணச் செடிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். குளிர்ந்த ஈர நாடாகிய இங்கிலாந்தில் இத்தகைய நிலப்பரப்பு இல்லை. பொருள் இல்லாத இடத்தில் அதற்குரிய சொல்லும் இல்லாமற்போவது இயல்பு. சிக்கலின் வேர் இதுவே.

அகராதியின் எல்லை

போர்த்துக்கீசிய மொழியில் 'கர்ராஸ்கோ' என்றால் மரண தண்டனையை நிறைவேற்றுவோன் என்று பொருள். முள் விளிம்புடைய இலைகளைக் கொண்ட ஒரு குட்டை ஓக்கின் பெயரும் அதுவே. 'எஸ்தேவா' என்பது கலப்பையின் மேழியையும் குறிக்கும். பிசின் படிந்த இலையும் பெரிய வெண்மலரும் உடைய புதரையும் குறிக்கும். இவற்றை இடம் நோக்கிப் பொருள் கொண்டு தெளிந்துவிடலாம்.

இவற்றினும் நுட்பமான இடர், ஒலி ஒப்புமையால் விளைவது. 'ரோஸ்மனீஞ்ஞோ' என்னும் சொல்லைக் கண்டவுடன் ஆங்கில 'ரோஸ்மேரி' நினைவுக்கு வரும். ஆனால் அது லாவண்டர் இனத்தைச் சேர்ந்த செடி. ரோஸ்மேரிக்குப் போர்த்துக்கீசியர் வழங்கும் பெயர் 'அலெக்ரிம்'. இது 'அல்-இக்லீல்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. கி.பி. 711 முதல் பல நூற்றாண்டுகள் ஐபீரியத் தீபகற்பத்தில் நிலவிய முஸ்லிம் ஆட்சியின் சுவடு இத்தகைய பெயர்களில் இன்றும் காணப்படுகிறது. 'அல்ஃபர்ரோபா' என்னும் காயின் பெயர் அரபு 'அல்-கர்ரூபா'விலிருந்து வந்தது. அதன் ஆங்கிலப் பெயராகிய 'கரோப்' என்பதும் அதே அரபு மூலத்ததே. ஆகவே சொல்லுறவு வேறு, பொருளுறவு வேறு என்பது தெளிவு. முன்னதைக் கொண்டு பின்னதை முடிவு செய்தல் தவறாகும்.

ஒரே மொழிக்குள்ளும் பெயர் மாறுபடும். 'கர்க்கேஜா' என்பது போர்த்துக்கல்லில் ஒரு செடி. பிரேசிலில் முற்றிலும் வேறொரு செடி. இரண்டையும் மக்கள் கொதிநீரிலிட்டு மருந்தாகப் பருகுவர். எந்நாட்டு நூல் என்று நோக்காமல் பெயர்ப்பவர் ஒரு மருந்துக்கு மாற்றாக வேறொன்றைத் தந்துவிடுவார்.

நிலப்பரப்பின் பெயர்கள்

தனிச்செடியினும் தாவரக் கூட்டத்தின் பெயரே பெயர்ப்பதற்கு அரியது. 'ஷர்னேக்கா' என்பதற்கு அகராதிகள் தரும் சொல் 'ஹீத்' என்பதாகும். அது குளிர்ந்த ஈரநிலத்தின் புதர்வெளியை ஆங்கிலேயர் மனத்தில் தோற்றுவிக்கும். தென் போர்த்துக்கல்லின் ஷர்னேக்காவோ வெயிலில் காய்ந்து பிசின் மணக்கும் வறள்நிலம்.

'மொந்தாதோ' என்பது இதனினும் சிறந்த சான்று. ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, அவற்றின் கீழ்க் கால்நடைகள் மேயும் நிலம் அது. தக்கை ஓக்கின் பட்டையை 9 ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளியில் உரித்தெடுப்பர். உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்த்துக்கல்லிலிருந்தே கிடைக்கிறது. 2011இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இம்மரத்தைத் தேசிய மரமாக அறிவித்தது. மொந்தாதோவைக் 'காடு' என்று பெயர்த்தால் மேய்ப்பன் மறைந்துவிடுவான். 'மேய்ச்சல் நிலம்' என்று பெயர்த்தால் மரம் மறைந்துவிடும். ஐரோப்பியச் சமுதாயம் 1992இல் வகுத்த வாழிடப் பாதுகாப்பு ஆணையின் ஆங்கில வடிவில் இந்நிலவகை 'டெஹேசா' என்னும் ஸ்பானியப் பெயரால் குறிக்கப்பெற்றது. சட்டம் எதனைக் காக்கிறது என்பதைச் சொல்லே வரையறுப்பதால், மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு சிறிதன்று.

மேற்கொள்ளத்தக்க நெறிகள்

முதலாவது, தனிச்செடியாயின் அதன் இலத்தீன் பெயரை அறிதல் வேண்டும். லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலை அடிப்படையாகக் கொண்ட இருசொற்பெயர் முறை எல்லா மொழிகளுக்கும் பொதுவானது. போர்த்துக்கீசிய அறிஞர் புரொத்தேரோ 1804இல் தம் நாட்டுத் தாவரங்களை இலத்தீனிலேயே தொகுத்தார்.

இரண்டாவது, தாவரக் கூட்டமாயின் அதன் உயரம், மண், மிகுதியாக உள்ள செடி ஆகிய மூன்றையும் நோக்குதல் வேண்டும். பனையிலிருந்து பனங்காடு என்னும் சொல் பிறப்பதுபோல, 'எஸ்தேவா' என்பதிலிருந்து 'எஸ்தெவால்' பிறக்கிறது. இத்தகைய சொற்களைச் செடியின் பெயரோடு புதர்க்காடு என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்து எளிதில் பெயர்க்கலாம்.

மூன்றாவது, ஈடான சொல் இல்லாதவிடத்து மூலச்சொல்லையே ஆண்டு, முதலிடத்தில் ஒரு தொடரால் விளக்குதல் வேண்டும். ஆங்கிலத்திற்கு இது புதிதன்று. உயர்ந்து அடர்ந்த புதர்க்காட்டிற்கு 'மாக்கி' என்றும், சுண்ணாம்பு நிலத்துக் குறும்புதருக்குக் 'கரீக்' என்றும் பிரெஞ்சுச் சொற்களை அது ஏற்றுக்கொண்டது. நம் மாங்காயும் மலையாளத்து வெற்றிலையும் போர்த்துக்கீசியர் வழியாகவே 'மாங்கோ', 'பீட்டல்' என ஆங்கிலத்தில் புகுந்தன. அவற்றிற்கு மாற்றுச்சொல் தேடி எவரும் இடர்ப்படவில்லை.

முடிவுரை

மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்குமுன் நிலத்தை அறிதல் வேண்டும். அச்செடி எங்கே வளர்கிறது, எவ்வளவு உயர்கிறது, மக்கள் அதனை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே சொல்லைத் தேடுதல் தகும். பொருள் தெளிந்தவர்க்குச் சொல் தானே வந்து அமையும்.