மூளையின் ரத்தக்குழாய்ப் பின்னல்: ஓர் இளம் அறுவை மருத்துவருக்கு



எம்.சிஎச். முடித்துத் தனியாக ஓ.பி. பார்க்கத் தொடங்கிவிட்டாய். தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஏ.வி.எம். எனும் ரத்தக்குழாய்ப் பின்னல் தெரிந்து, குடும்பமே எதிரில் வந்து உட்காரும்போது என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். எப்படி அறுப்பது என்று கேட்காமல் என்ன சொல்வது என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. உன் வயதுக்காரர்கள் மற்றவர்களும் படிக்கட்டும் என்றே இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

இந்த நோயில் ஒவ்வொரு முடிவும், எதிரில் இருப்பவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு வாழ்க்கை இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பின்னலின் அளவும் இடமும் அதற்கு அடுத்துத்தான் வரும்.

நோயை விளக்கும்போது, மதகில்லாத ஏரியைச் சொல். தமனி ரத்தம் நுண்குழாய்களில் பிரிந்து வேகம் தணிந்துதான் சிரைக்குப் போக வேண்டும். இங்கே அந்த நுண்குழாய்கள் இல்லை. கரை பலமில்லாத ஓடையில் ஏரித் தண்ணீர் முழு வேகத்தில் இறங்குவதுபோல, மெல்லிய சிரைக்குள் தமனியின் அழுத்தம் இறங்குகிறது. கிராமத்திலிருந்து வரும் பெரியவருக்கும் இது உடனே புரியும். புரிந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: “எப்ப உடையும்?”

இங்கேதான் நிதானம் வேண்டும். பின்லாந்தில் சிகிச்சை இல்லாமலே இருந்த 160 பேரைச் சராசரியாக 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1990-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் நமக்கு அடிப்படை. ஆண்டுக்கு 4 சதவீதம் ரத்தக்கசிவு, 1 சதவீதம் மரணம் என்றது அது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அறிகுறி வந்தவர்கள். ஒருமுறையும் கசியாத பின்னலுக்கு ஆண்டு அபாயம் 1 முதல் 2 சதவீதம் வரை என்பது பின்னால் வந்த கணக்கு. ஒருமுறை கசிந்தால் அது பல மடங்காகும். அதிலும் முதல் ஆண்டுதான் மோசம்.

2 சதவீதம் என்றால் தகப்பனார் நிம்மதியாக மூச்சு விடுவார். அதே 2 சதவீதத்தை 20 வயதுப் பிள்ளைக்கு 50 ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பார்த்தால், வாழ்நாளில் ஒருமுறையாவது கசிய ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு என்று வரும். 65 வயதுக்காரருக்கு அடுத்த 15 ஆண்டுக்கு 26 சதவீதம். கணக்கு ஒன்றுதான். ஆண்டு எண்ணை மட்டும் சொன்னால் அலட்சியம் வரும், வாழ்நாள் எண்ணை மட்டும் சொன்னால் பீதியில் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டையும் சொல். எல்லா ஆண்டும் அபாயம் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது என்பதையும் சேர்த்துச் சொல்.

2014-இல் லான்செட் இதழில் வந்த ‘அரூபா’ ஆய்வை நீ படித்திருப்பாய். கசியாத ஏ.வி.எம். உள்ள 223 பேர். மருந்து மட்டும் கொடுத்துக் கவனித்தவர்களில் 10.1 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ மரணமோ வந்தது. தலையிட்டுச் சிகிச்சை செய்தவர்களில் 30.7 சதவீதம். நம் துறையில் பலர் கோபப்பட்டார்கள். நான் அந்த ஆய்வை மதிக்கிறேன். கை துறுதுறுக்கும் நம்மை அது நிற்க வைத்தது. ஆனால் சராசரிக் கவனிப்பு 33 மாதங்கள்தான். சிகிச்சையின் ஆபத்து முதலிலேயே வந்துவிடும், பலன் பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். அறுவைக்குப் போனவர்களும் அதில் மிகச் சிலரே. ஆகவே 60 வயதைத் தாண்டியவருக்கு, கசியாத பெரிய பின்னலுக்கு, ‘தொட வேண்டாம்’ என்று தைரியமாகச் சொல்ல அரூபா போதும். 22 வயதில், மேற்பரப்பில், 2 சென்டிமீட்டர் பின்னலோடு வருகிறவரை வெறும் மாத்திரையோடு திருப்பி அனுப்ப அது போதாது.

1986-இல் ஸ்பெட்ஸ்லரும் மார்ட்டினும் தந்த தரவரிசை இன்னும் நன்றாக உழைக்கிறது. அளவு எவ்வளவு, பேச்சு, இயக்கம் போன்றவற்றுக்கான முக்கியப் பகுதியில் இருக்கிறதா, ஆழ்சிரையில் வடிகிறதா என்ற மூன்றே கேள்விகள். முதல் இரண்டு தரங்களில் தேர்ந்த கை அறுத்து எடுத்தால், அன்றைக்கே கசிவு அபாயம் தீரும். நான்கு, ஐந்தாம் தரங்களில் திரும்பத் திரும்பக் கசிந்தாலோ கைகால் படிப்படியாக விழுந்தாலோ தவிரத் தலையிடாதே. முக்கியமாக, அரைகுறையாக அடைத்துவிட்டு விடாதே. குழாய் வழியே பசை செலுத்திப் பாதியை மூடியதால் பாதி அபாயம் குறைந்தது என்று குடும்பம் நம்பும். உண்மையில் குறைவதில்லை, சிலருக்குக் கூடும். அறுவைக்கு முன்னேற்பாடாகவோ, கசிந்த இடத்து வீக்கத்தை அடைக்கவோ பசை அருமையான கருவி. தனியாக அதுவே தீர்வாவது சிறிய பின்னல்கள் சிலவற்றில் மட்டுமே.

கதிர் அறுவை பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டாக்ஹோமில் ஸ்டெய்னரும் லெக்செல்லும் காமா கத்தியால் ஏ.வி.எம்.முக்குச் சிகிச்சை செய்ததை 1972-இல் எழுதினார்கள். 3 சென்டிமீட்டருக்குக் குறைவான பின்னல்களில் 70 முதல் 80 சதவீதம் வரை மூடுகின்றன. மண்டையைத் திறப்பதில்லை, நோயாளி சீக்கிரமே வீட்டுக்குப் போகிறார். ஆனால் குழாய்ச் சுவர் மெல்லத் தடித்து மூட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை கசியும் அபாயம் அப்படியே இருக்கிறது. முதல் ஒன்றரை ஆண்டுக்குள் சுற்றிலும் நீர் கோத்து வலிப்போ பலவீனமோ வரலாம். மூடிய பிறகும் பல ஆண்டு கழித்து அந்த இடத்தில் நீர்க்கட்டி வரலாம். நம் ஊரில் நடப்பது என்ன? “லேசர்ல எடுத்தாச்சு” என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். தலைவலி இல்லை, கூலி வேலைக்கு விடுப்பில்லை, சென்னைக்கோ வேலூருக்கோ மறுபடி வரக் காசில்லை. மூடியதா என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்கு நோயாளியைக் குறை சொல்லாதே. சிகிச்சை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை நாம்தான் அவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

அறுவை செய்தவர்களையும் விடாதே. அப்போதே ஆஞ்சியோ எடுத்து, மிச்சமில்லை என்று உறுதி செய். குழந்தைகளில் சுத்தமாக எடுத்த இடத்திலும் மறுபடி வளர்வதுண்டு. அவர்கள் பெரியவர்களாகும்வரை படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பெற்றோரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடு. வலிப்பு மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். மகள் பக்கத்தில் இருக்க, “கல்யாணம் பண்ணலாமா டாக்டர், பிள்ளைக்கும் வருமா?” என்று அம்மா கேட்பார். பெரும்பாலான மூளை ஏ.வி.எம். பரம்பரையாக வருவதில்லை. பின்னலின் குழாய்ச் செல்களில் மட்டும் கே-ராஸ் மரபணு மாறியிருப்பதை 2018-இல் கண்டார்கள். சோதித்த மாதிரிகளில் பாதிக்கும் மேல் அப்படி இருந்தன. அது பிள்ளைக்குப் போகிற மாற்றம் அல்ல. விதிவிலக்கு ஒன்று உண்டு. வீட்டில் பலருக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறதா, உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று கேள். இருந்தால் அது பரம்பரை ரத்தக்கசிவு நோயாக இருக்கலாம். நுரையீரலையும் பார்க்க வேண்டும், குடும்பத்தினரையும் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பத்தில் அபாயம் எவ்வளவு கூடும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஏற்கெனவே கசிந்திருந்தால், பிள்ளைப் பேற்றுக்கு முன்பே சிகிச்சையை முடித்துக்கொள்ளச் சொல்வது நல்லது. பிறகு பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசு. அது அவள் தலை, அவள் ஆண்டுகள். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். மறைத்து வைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும், பிறகு நிறுத்தவும் வேண்டிவரும் என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடு.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பெரிய நோட்டு வாங்கு. கதிர் அறுவைக்கு அனுப்பிய ஒவ்வொருவரின் பெயர், ஊர், இரண்டு போன் எண்கள், மூன்றாம் ஆண்டு ஆஞ்சியோ எடுக்க வேண்டிய மாதம் ஆகியவற்றை எழுதி வை. டிஸ்சார்ஜ் அட்டையிலும் அந்த மாதத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுது. உனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்கள் அனுப்பியவர்களின் பட்டியலையும் தேடி எடு. தவணை கடந்தும் வராதவர்களை இந்த வாரமே போனில் கூப்பிட்டு வரச் சொல்.