மழைக்கு முன் மதிலோரம்: உங்கள் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகாமல் இப்போதே செய்ய வேண்டியவை

புரட்டாசி பாதி கடந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. நல்லபடியாகப் பழகிவந்த அக்கம்பக்கத்தார் முகம் திருப்பிக்கொள்வதும் இந்த மாதங்களில்தான். ஒரு வீட்டு மாடித் தண்ணீரோ முற்றத்துத் தண்ணீரோ நீச்சல் குளத்துத் தண்ணீரோ அடுத்தவர் மனையில் போய் விழும். அதிலிருந்து தகராறு ஆரம்பிக்கும்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. கொத்தனார் வரமாட்டார், பூசிய சிமென்ட் காயாது, பேச்சும் கோபத்தில்தான் வரும். கையில் இருக்கும் இந்த இரண்டு மூன்று வாரங்களைப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் அந்த மாடியிலிருந்து மட்டும் 9,300 லிட்டர் இறங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழையில் அதே மாடியிலிருந்து 88,000 லிட்டர் வரும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு வந்து உங்கள் மதிலோரம் திறந்துவிட்டதற்குச் சமம். “கொஞ்சம் தண்ணிதானே சார், அதுக்குப் போய்…” என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரம்: மாடியில் ஏறிப் பாருங்கள்

மாடியைப் பெருக்கி, சருகு, காக்கை கொண்டுவந்த குச்சி, பழைய பூந்தொட்டி எல்லாவற்றையும் அகற்றுங்கள். தண்ணீர் இறங்கும் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் சல்லடை மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மாடியில் தேங்கி, கைப்பிடிச் சுவரில் எங்கே தாழ்வோ அந்தப் பக்கமாக வழியும். அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பக்கமாகத்தான் இருக்கும்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. இரண்டு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி மஞ்சள் தூளைக் கரைத்து ஓட்டையில் ஊற்றுங்கள். ஒருவர் மேலே நிற்க, இன்னொருவர் கீழே நின்று மஞ்சள் தண்ணீர் எங்கே வெளிவருகிறது என்று பார்க்கட்டும். குழாயின் முனையில் மாட்டிய எல்போ மதிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதும், சன்ஷேடின் முனையிலிருந்து தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரில் அடிப்பதும், குழாயின் நடுவே விட்டுப்போன இணைப்பிலிருந்து மதிலின் அடிவாரத்துக்குக் கசிவதும் அப்போதுதான் தெரியும். பக்கத்து வீட்டுச் சுவரில் பாசி படிந்த கறுப்புக் கோடு இருந்தால், போன வருடத் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்த வாரம்: தண்ணீரை உங்கள் மனைக்குள் இறக்குங்கள்

எல்போவைத் திருப்பி, குழாயைத் தரை வரை இறக்குங்கள். அங்கிருந்து மழைநீர்க் குழிக்கோ உறைகிணற்றுக்கோ கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அமைத்த குழிகளில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. மூடியைத் திறந்து, மேலே படிந்த சேற்றை வாரி, ஜல்லியைக் கழுவி மறுபடி போடுங்கள்.

குழி இருப்பது மட்டும் போதாது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள குழியின் மொத்தக் கொள்ளளவே 1,300 லிட்டருக்குள்தான். ஜல்லி நிரப்பிய பிறகு அதில் பாதிகூடத் தண்ணீருக்கு இடம் இராது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கான இடங்களில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கிவிடும். களிமண் பகுதிகளில் குழி நிரம்பி நிற்கும். நிரம்பிய தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். குழியின் மேல்மட்டத்தில் ஒரு குழாய் வைத்து, மிகுதித் தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலுக்கு விடுங்கள். குழியை மதிலை ஒட்டித் தோண்ட வேண்டாம். ஊறும் தண்ணீர் அடுத்தவர் அஸ்திவாரத்தில் இறங்கும்.

மழைநீரையும் கழிவுநீரையும் எக்காரணம் கொண்டும் ஒரே குழாயில் சேர்க்காதீர்கள். செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக் கிணற்றில் கலந்தால் அது தண்ணீர்த் தகராறாக நிற்காது, நோயில் போய் முடியும். டேங்க்கிலுள்ள கழிவை மழைக்கு முன்பே லாரி வைத்து எடுத்துவிடுங்கள்.

மனையை உயர்த்தியவர்கள் கவனத்துக்கு

சாலையை உயர்த்தி உயர்த்திப் போடுவதால், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கிராவல் கொட்டி மனையை இரண்டடி, மூன்றடி தூக்கிக்கொள்கிறார்கள். அது அவர்கள் பாதுகாப்புக்கு. ஆனால், அதுவரை அந்த மனையில் பரவி ஊறிய தண்ணீர் முழுவதும் இப்போது பழைய, தாழ்ந்த வீட்டுக்குள் போகிறது. மனையை உயர்த்தினால், உங்கள் மதிலின் உட்புறமாக ஒரு சிறு வாய்க்கால் கட்டித் தெருப்பக்கம் சரிவு கொடுப்பது உங்கள் பொறுப்பு. கொட்டிய மண் அடுத்தவர் மதிலில் நேராகச் சாய்ந்திருந்தால் உடனே அகற்றுங்கள். ஈர மண்ணின் பாரத்தைத் தாங்க அந்த மதில் கட்டப்படவில்லை. அது இடிந்து விழுந்தால் ஆளே போகக்கூடும்.

நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையின் பண்ணை வீடுகளிலும் நகரத்துத் தனி வீடுகளிலும் சிறிய நீச்சல் குளங்கள் பெருகிவிட்டன. 20 அடிக்கு 10 அடி, நான்கடி ஆழமுள்ள குளத்தில் 22,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். இவர்கள் ஐந்து விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. மழைக்காலத்தில் குளத்தை முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் உயரும்போது காலிக் குளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். தரை வெடிக்கும், குளமே கிளம்பிவிடவும் கூடும். ஓரடி அளவுக்கு மட்டும் மட்டத்தைக் குறைத்து வையுங்கள்.

2. அந்த ஓரடியையும் மழை இல்லாத நாளில், சிறிது சிறிதாக வெளியேற்றுங்கள். எச்சரிக்கை வந்த அன்று மோட்டார் போட்டு இறைத்தால் ஏற்கெனவே ஊறிய மண் அதை ஏற்காது.

3. குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்ட பிறகு, பரிசோதனைத் தாளில் குளோரின் இல்லை என்று தெரிந்தால் மட்டும் வெளியேற்றுங்கள். குளோரின் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்தையும் கிணற்றையும் கெடுக்கும். உப்பு போட்டுக் குளோரின் உண்டாக்கும் குளமானால், அந்த உப்புத் தண்ணீரை எந்த மண்ணிலும் விடக்கூடாது.

4. வடிகட்டியைக் கழுவும்போது வரும் அழுக்குத் தண்ணீருக்குத் தனிக் குழாய் போட்டு, உள்ளாட்சியின் அனுமதி பெற்றுக் கழிவுநீர்க் குழாயில் சேருங்கள். மழைநீர் வடிகாலில் விடாதீர்கள்.

5. குளத்தின் விளிம்பு வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை மேலே சொன்ன மஞ்சள் தண்ணீரைத் தரையில் ஊற்றிச் சோதியுங்கள்.

தாழ்வான மனையில் இருப்பவர்கள்

உங்கள் பக்கமும் கடமை உண்டு. மேட்டு நிலத்திலிருந்து காலங்காலமாக இயல்பாக வழிந்துவரும் மழைத்தண்ணீரை மதில் கட்டி மறிக்கக்கூடாது. மறித்தால் மேட்டுக்காரர் வீடு முழுகும். வழக்கில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மதிலின் அடியில் கம்பி வலை வைத்த துளைகள் விடுங்கள். தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்துத் திருப்பி அவர்கள் பக்கமே இறைப்பதும் வேண்டாம்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம், அதாவது வசதியுரிமைச் சட்டம், அன்றைய சென்னை மாகாணத்தில் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆவது பிரிவின் விளக்கங்களில் ஒன்று: மேட்டு நிலத்தில் இயற்கையாக ஊறும் அல்லது விழும் தண்ணீர், குறிப்பிட்ட வாய்க்கால் எதிலும் அடங்காமல் வழிந்து வந்தால், தாழ்ந்த நிலத்தின் உரிமையாளர் அது இயல்பாக ஓட இடம்விட வேண்டும். கவனியுங்கள், இது இயல்பான ஓட்டத்துக்கு மட்டுமே. மாடியில் சேர்த்து, குழாய் வழியே ஓரிடத்தில் குவித்து விடுகிற தண்ணீருக்கும், குளத்திலிருந்து இறைத்து விடுகிற தண்ணீருக்கும் இந்த உரிமை கிடையாது. தகராறுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே தீர்த்துவிடலாம்.

இன்னொன்று 15ஆவது பிரிவு. ஒருவர் 20 ஆண்டு இடைவிடாமல், வெளிப்படையாக, சண்டையின்றி, உரிமையாகவே அடுத்தவர் மனையில் தண்ணீர் விட்டுவந்தால் அது அவருக்கு உரிமையாகவே ஆகிவிடலாம். அந்த மனைக்காரரின் அனுமதியின் பேரில் விட்டிருந்தால் அப்படி ஆகாது. எனவே, தற்காலிகமாக இடம் கொடுப்பவர்கள் “அனுமதிதான்” என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து சொட்டிய தண்ணீருக்கு உரிமை உள்ளவரும், அதே இடத்தில் இரண்டு மாடி கட்டிச் சுமையைக் கூட்டிவிட முடியாது.

தேக்கி வைத்த தண்ணீர் உடைத்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. கார்வேட்டிநகர ஜமீன்தார் மீது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி தொடுத்த வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1874இல் தீர்ப்பளித்தது. பெருமழையில் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில்பாதை சேதமானது. பாசனத்துக்கு ஏரிகள் இன்றியமையாதவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை என்பதால் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்றது கவுன்சில். ஊருக்குச் சோறு போடும் ஏரிக்குக் கிடைத்த அந்தச் சலுகையை ஒரு குடும்பம் குளிக்கும் குளம் எதிர்பார்க்க முடியாது.

பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பேசுங்கள். “அண்ணே, மழை வரப்போகுது, ஒருவாட்டி மதிலோரம் வந்து பாத்துடலாமா?” என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. “உங்க தண்ணியால எங்க சுவர் போச்சு” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இருவரும் சேர்ந்து பார்த்த பிறகு ஒரு தாளில் இப்படி எழுதிக் கையெழுத்திடுங்கள்:

“எங்கள் வீட்டு மாடியின் தென்மேற்கு மூலைக் குழாயை அக்டோபர் 15ஆம் தேதிக்குள் தெருப்பக்கம் திருப்பிவிடுகிறேன். அதுவரை உங்கள் மனையில் விழும் தண்ணீர் உங்கள் அனுமதியின் பேரில் மட்டுமே; இதனால் எனக்கு எந்த உரிமையும் ஏற்படாது. மதிலோர வாய்க்கால் செலவை இருவரும் பாதிப்பாதியாக ஏற்கிறோம்.”

தேதி, இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி. சாதாரணத் தகராறைத் தவிர்க்க இதுவே போதும். காய்ந்திருக்கும்போதே சுவரையும் தரையையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மழையில் தண்ணீர் விழும்போது வீடியோவும் எடுங்கள்.

பேச்சு பலிக்காவிட்டால்

குழாயை உடைக்காதீர்கள், மண் கொட்டி அடைக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் வந்துவிடும். முதலில் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சென்னை மாநகராட்சியின் எண் 1913. தண்ணீர் பொதுவழியில் தேங்கித் தெருவுக்கே தொல்லையானால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின்படி கோட்டாட்சியரிடம் முறையிடலாம்.

இரு வீட்டுக்கு இடையே மட்டும் உள்ள பிரச்சினைக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நல்ல வழி; எண் 15100. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. எதுவும் பலிக்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படியும் கேளுங்கள். வெயில் காலத்தில் அவர் வந்தால் காய்ந்த சுவரைத்தான் பார்ப்பார். ஆகவே வழக்கு தவிர்க்க முடியாதது என்றால் அதையும் மழைக்காலத்திலேயே தொடுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் தகராறைத் தள்ளி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. அந்த நேரத்தில் முதலில் கை கொடுக்கக்கூடியவர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான். அவரோடு இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசிவிடுங்கள்.